ஔலிக்குப் புதிதாக எதுவும் வேண்டாம்: உத்தராகண்ட் சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

உத்தராகண்ட் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும், டேராடூனில் உட்கார்ந்து, ஜோஷிமட்டுக்கு மேலே பனிச்சறுக்கு நடக்கிற ஔலியில் அடுத்து என்ன கட்டலாம் என்று கோப்பு தயாரிக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் பத்ரிநாத் போகிற வழியில் ஜோஷிமட்டில் இறங்கி, இட்லி கிடைக்குமா என்று தேடுகிற கூட்டத்தில் எங்கள் ஆட்கள் நிறைய உண்டு. அவர்களில் நாலு பேர் படித்தாலே போதும், மிச்சத்தை அவர்களே உங்களிடம் சொல்லிக்கொள்வார்கள். ஹிந்தி வராதே தவிர, கேள்வி கேட்க நன்றாக வரும்.

நான் மதுரைக்காரி. பனி என்றால் மார்கழிக் காலையில் வண்டி சீட்டில் படிந்திருக்கிற ஈரம், அவ்வளவுதான் என்று வளர்ந்தவள். 2017 மே மாதம் அம்மாவோடு யாத்திரை வந்தபோதுதான் ஜோஷிமட்டை முதன்முதலில் பார்த்தேன். உங்களுக்கு அது ஆதிசங்கரரின் மடம், பத்ரிநாத் நடை சாத்திய பிறகு குளிர்கால பூஜை நடக்கிற நரசிம்மர் கோவில் இருக்கிற ஊர். அம்மாவுக்கு அது திருப்பிரிதி. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய இடம் என்று எங்கள் பக்கத்து வைணவர்கள் அந்த ஊரைத்தான் கொண்டாடுகிறார்கள். சேவித்துவிட்டு வெளியே வந்தால், தலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு பெட்டி மலையேறிப் போகிறது. "பழனி ரோப்கார் மாதிரிதானே" என்று அம்மா தைரியமாக ஏறிவிட்டார். அது பழனி மாதிரி இல்லை. நாலு கிலோமீட்டர், பத்து டவர், 1,900 மீட்டர் வாக்கில் ஏறினால் 3,000 மீட்டரில்தான் இறக்கிவிடும். பாதி வழியில் அம்மா கண்ணை மூடி கோவிந்தா சொல்ல ஆரம்பித்தார், நானும் சேர்ந்துகொண்டேன்.

மேலே போனால் பச்சைப் புல்வெளி. நீங்கள் புக்யால் என்று சொல்கிற மேட்டுப் புல்வெளி. எதிரே நந்தா தேவி, 7,816 மீட்டர், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. இந்தப் புல் மேலதான் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஓடுகிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. 2020 பிப்ரவரியில் திரும்பி வந்து, ஏழு நாள் பயிற்சியில் சேர்ந்து, எண்ணிக்கை விட்டுப்போகிற அளவுக்கு விழுந்து எழுந்த பிறகு நம்பினேன்.

(எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் சிலர் இந்த இடத்தை "ஆலி" என்று எழுதுகிறார்கள். பழந்தமிழில் ஆலி என்றால் ஆலங்கட்டி, பெயர்ப் பொருத்தம் பிரமாதம்தான். ஆனால் ஆலி புக்யால் என்று அதே சமோலி மாவட்டத்தில், ரூப்குண்ட் போகிற வழியில், வேறொரு புல்வெளி இருக்கிறது. இது ஔலி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஔலியைச் சர்வதேசத் தரத்துக்கு உயர்த்தப் போகிறோம் என்று உங்கள் பக்கத்திலிருந்து செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. இதற்கு முன் மூன்று நான்கு முறை உயர்த்தியிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறை உயர்த்தியதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதில் சிலவற்றையாவது உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் இந்த மடல்.

ஔலியில் பனிச்சறுக்கு சுற்றுலாவாக ஆரம்பிக்கவில்லை. 1962-இல் சீனாவோடு போர் வந்தது, அந்த அக்டோபரிலேயே இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையை உருவாக்கினார்கள். ஜோஷிமட்டைத் தாண்டினால் மானா, நீதி என்று எல்லைக் கிராமங்கள். குளிர்காலத்தில் இடுப்பளவு பனியில் ரோந்து போகிற ஆளுக்கு மலையேறவும் தெரிய வேண்டும், காலில் பனிச்சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு நகரவும் தெரிய வேண்டும். அதற்காக அந்தப் படை 1973-இல் ஔலியில் மலையேற்றத்துக்கும் பனிச்சறுக்குக்கும் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. ஆக, அந்தச் சரிவைக் கண்டுபிடித்தவர்கள் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் இல்லை, காவல்காரர்கள். அவர்கள் மலையிடம் கேட்டது கொஞ்சம்தான். பனி விழுந்தால் பயிற்சி, விழாவிட்டால் காத்திருப்பு. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் உங்கள் துறை அவர்களிடமிருந்து கற்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்புறம் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்கிற அரசுச் சுற்றுலா நிறுவனம் வந்தது, தங்கும் குடில்கள் வந்தன, சேர்லிஃப்ட் வந்தது. அப்போது உங்கள் மாநிலமே கிடையாது, உத்தரப் பிரதேசம். லக்னோவிலிருந்து பார்த்தால் ஔலி எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1983-இல் ரோப்வே வேலை தொடங்கியது, பெட்டி ஓட ஆரம்பித்தபோது தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. பத்து வருஷம்! அந்த மலையில் பத்து டவர் நட்டு நாலு கிலோமீட்டர் கம்பி இழுப்பது சின்ன வேலை இல்லைதான், கட்டியவர்களுக்கு ஒரு சலாம் போடுகிறேன், நிஜமாகவே. ஆனால் அந்த வேலை தொடங்குவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1976-இல், கர்வால் கமிஷனர் மிஸ்ரா தலைமையில் ஒரு குழு ஜோஷிமட்டைப் பற்றி அறிக்கை கொடுத்திருந்தது. ஜோஷிமட் பாறை மேல் நிற்கவில்லை, பழைய நிலச்சரிவு ஒன்றின் மண்ணும் கல்லும் குவிந்த மேட்டில் நிற்கிறது, இங்கே கனமான கட்டடம் வேண்டாம், வெடி வைக்க வேண்டாம், சரிவிலிருந்து பாறையைப் பெயர்க்க வேண்டாம், மரம் நடுங்கள், சாக்கடையைச் சரி செய்யுங்கள் என்று தெளிவாகச் சொன்ன அறிக்கை. ரோப்வேதான் ஊரைக் கெடுத்தது என்று நான் சொல்லவே இல்லை, அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் கிடையாது. ஆனால் ரோப்வே வந்தால் ஹோட்டல் வரும், ஹோட்டல் வந்தால் தண்ணீர் வேண்டும், பயன்படுத்திய தண்ணீர் எங்கேயாவது இறங்க வேண்டும். சாக்கடை இல்லாத ஊரில் அது எங்கே இறங்கும்? காலுக்கு அடியில்தான்.

அடுத்தது 2011. உங்கள் துறையின் பெரிய கனவு. முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டு, ஜனவரி 10 முதல் 16 வரை, பனிக்கட்டி மேல் நடக்கிறவை டேராடூனில், சறுக்குப் போட்டிகள் ஔலியில். இதற்காக மேலே ஒரு செயற்கைக் குளம் வெட்டினீர்கள், செயற்கைப் பனி தூவுகிற இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தீர்கள், சரிவை உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் அளவுக்குச் சீர் செய்தீர்கள். போட்டி நடந்தது, பதக்கம் கொடுத்தார்கள், எல்லோரும் இறங்கிப் போனார்கள். இரண்டாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டு இன்று வரை எங்கேயும் நடக்கவில்லை. டேராடூனில் கட்டிய பனித்தளம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஔலியில் மிஞ்சியது குளமும் இயந்திரமும்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதை ஏதோ மாயப் பெட்டி மாதிரி நினைக்கிறார்கள். பயிற்சியில் இருந்த ஒரு வாத்தியார்தான் எனக்கு விளக்கினார். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பொடித்துளியாக மேலே பீய்ச்சும், அந்தத் துளி தரையில் விழுவதற்குள் உறைய வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. அது உறைய வேண்டுமென்றால் காற்று பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும், உலர்ந்தும் இருந்தால் நல்லது. ஈரக் காற்றில் இன்னும் அதிகக் குளிர் தேவைப்படும். அதாவது, வானிலை சூடாகிப் பனி விழாமல் போனால் அதே சூட்டில் இயந்திரமும் கை விரித்துவிடும். குளிர் இருந்து மேகம் இல்லாத வருஷத்தில் மட்டும்தான் அது உதவும். கூடவே மின்சாரம் வேண்டும், குளத்தில் தண்ணீர் வேண்டும், உதிரி பாகம் வேண்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வால்வைத் திறக்கிற ஆள் வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய கிரைண்டரை அப்புறம் தினசரி மாவாட்டப் பயன்படுத்த முடியாது என்று எங்கள் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

என்ன ஆயிற்று? 2018 ஜனவரியில் நடக்க வேண்டிய சர்வதேசப் போட்டி பனி போதாமல் ரத்தானது. 2023 பிப்ரவரியில் தேசியப் போட்டியும் சர்வதேசப் போட்டியும் ஒரே மாதத்தில் ரத்தாயின, அதே காரணம். இது ஔலியின் தலையெழுத்து மட்டும் இல்லை. நம் நாட்டின் பெரிய பனிச்சறுக்கு இடமான குல்மார்க்கிலேயே 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைப் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். தள்ளினார்கள், நடத்திவிட்டார்கள். கவனித்தீர்களா? தேதியை மலை முடிவு செய்யட்டும் என்று விட்டால் போட்டி நடக்கிறது. மாதக்கணக்கில் முன்னாலேயே தேதி குறித்து, தலைமை விருந்தினர் யார் என்று முடிவு செய்து, பேனர் அடித்துவிட்டு வானத்தைப் பார்த்தால் அது எப்படி நடக்கும்?

கல்யாணக் கிரைண்டர் என்றேனே, நிஜக் கல்யாணமும் ஒன்று நடந்தது. 2018 ஆகஸ்டில் நைனிடால் உயர் நீதிமன்றம் புக்யால்களில் ராத்தங்கக் கூடாது, ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. பத்து மாதம்கூட ஆகவில்லை, 2019 ஜூனில் தென்னாப்பிரிக்காவில் பெரும் தொழில் நடத்திய குப்தா குடும்பத்தின் கல்யாணங்கள் ஔலியில். 200 கோடி ரூபாய்க் கல்யாணம் என்று பத்திரிகைகள் எழுதின. பந்தல், ஹெலிகாப்டர், வெளிநாட்டுப் பூ. நீதிமன்றம் தலையிட்டு 3 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. முடிந்த பிறகு ஜோஷிமட் நகராட்சி அள்ளிய குப்பை 300 குவிண்டாலுக்கு மேல். சறுக்குச் சரிவுக்கு அடியில் இருப்பது புல், அந்தப் புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மீட்டர் பனி மேலே இருக்கும்போது ஆயிரம் பேர் சறுக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஜூன் மாதத்தில், முளை விடுகிற நேரத்தில், பந்தல்கால் நட்டால் ஆகும். இதைக் கல்யாண மண்டபமாக விட்டால் வருமானம் வருமே என்று அன்று அந்த யோசனைக்குத் தலையாட்டியவர்கள் யாராக இருந்தாலும் சரி, 2020 பிப்ரவரியில் நான் விழுந்து கிடந்த அந்த இடத்தில் பனிக்கு அடியில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 பிப்ரவரி 7 காலையில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரிஷிகங்கா வெள்ளம், தபோவனில் நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள், செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 200-க்கு மேல். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

2023 ஜனவரி. அம்மா மதுரையில் டிவி பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "திருப்பிரிதி புதையுதாம்டி" என்றார். 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல்கள், குழந்தை குட்டிகளோடு பள்ளிக்கூடங்களில் தங்கியவர்கள். இஸ்ரோ வெளியிட்ட படத்தில் டிசம்பர் 27-இலிருந்து ஜனவரி 8-க்குள் 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது, அப்புறம் அந்தப் படமே தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. ரோப்வே பக்கத்திலும் விரிசல் கண்டு பெட்டியை நிறுத்தினார்கள். நீர்மின் திட்டத்துச் சுரங்கம்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், இல்லை என்று கம்பெனி சொன்னது. 1976 அறிக்கையை எல்லா டிவியும் அந்த ஒரு வாரம் தூக்கிக் காட்டின. நாற்பத்தேழு வருஷம் அலமாரியில் இருந்த காகிதம். அதற்கு அடுத்த வருஷம் ஊருக்கு ஜோதிர்மட் என்று பெயர் மாற்றினீர்கள். பெயர் அழகாக இருக்கிறது.

இப்போது நான் கேட்பது என்ன என்று கேட்பீர்கள். ரோப்வேயைத் திறங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று நினைத்தால், இல்லை. திறக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. டவர் ஒவ்வொன்றுக்கும் கீழே மண் எப்படி இருக்கிறது, யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை ஜோஷிமட் நகராட்சி வாசலில் ஹிந்தியில் ஒட்டுங்கள். அதைப் படித்துவிட்டு ஊர்க்காரர்கள் ஏறலாம் என்றால் நானும் ஏறுகிறேன், அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். இதைவிடப் பெரிதாக, இதைவிட வேகமாக, புது இடத்தில் புது ரோப்வே என்றெல்லாம் கோப்பில் இருந்தால் தயவுசெய்து முதலில் 1976 அறிக்கையின் ஒரு பிரதியை அந்தக் கோப்பின் மேல் பக்கமாகக் கட்டி வையுங்கள், கையெழுத்துப் போடுகிறவர் அதைத் தாண்டித்தான் பேனாவை வைக்க முடியும் என்கிற மாதிரி. சாலை இருக்கிறது, சுமார் 15 கிலோமீட்டர், வளைந்து வளைந்து தேவதாரு மரங்களுக்கு நடுவே. அதில் குளிர்காலத்துக்கு ஒழுங்கான பனி நீக்கும் வண்டியும், தனியார் கார்களுக்குப் பதிலாக நாலைந்து பொது வண்டிகளும் ஓடினால் சரிவுக்குத் தேவையான ஆட்கள் வந்துவிடுவார்கள். ஔலி ஒரு சின்ன இடம். சேர்லிஃப்ட் 800 மீட்டர், போட்டிச் சரிவு 1,300 மீட்டர், அவ்வளவுதான் அதன் உடம்பு. சுவிட்சர்லாந்து என்று அதைக் கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். சுவிட்சர்லாந்திலேயே தாழ்வான ஊர்களில் பனி இல்லாமல் லிஃப்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

குல்மார்க்கில் செய்தது போலத் தேதியை மட்டும் தளர்வாக வையுங்கள், பனி விழுந்த அடுத்த வாரம் போட்டி என்று. விளையாடுகிறவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான், அவர்களுக்கு விமான டிக்கெட் மாற்றுகிற தலைவலி கிடையாது.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், ஜோஷிமட்டுக்குக் கீழே ஒரு கிராமம். ஒவ்வொரு முறை நான் விழும்போதும் "தீதி, முட்டியை மடக்குங்கள், மலையை நம்புங்கள்" என்பான். தீதி என்றால் அக்கா. அவன் சறுக்கக் கற்றது யாரோ பயணி விட்டுப்போன பழைய ஸ்கீயில், இரண்டு காலுக்கும் இரண்டு அளவு பூட்ஸ். குளிர்காலத்தில் மூன்று மாதம் வாத்தியார், கோடையில் யாத்திரை வண்டிக்கு டிரைவர், நடுவில் குவாரி கணவாய்ப் பக்கம் மலையேற்றக்காரர்களுக்கு வழிகாட்டி. பனி நன்றாக விழுந்தால் வீட்டில் கல்யாணம் பேசுவார்கள், விழாவிட்டால் அடுத்த வருஷம். கடைசி நாள் வெள்ளைச் சரிவில் அவன் கீழே இறங்கியதைப் பார்த்தேன். எங்கள் வைகையில் தண்ணீர் வந்த புதிதில் மணலைத் தடவிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி, சத்தமே இல்லாமல்.

2023-இல் அவனுக்கு போன் செய்தேன். வீட்டுச் சுவரில் விரல் போகிற அளவு விரிசல் என்றான். "சரிவு எப்படி இருக்கு?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். "இந்த வருஷம் அதுவும் இல்லை தீதி" என்றான்.

அடுத்த முறை ஔலிக்கு என்று பணம் ஒதுக்கினால், அதில் முதல் ரூபாய் ஜோஷிமட்டின் சாக்கடைக்குப் போகட்டும். பனிச்சறுக்கு மடலில் சாக்கடையா என்று சிரிக்காதீர்கள், மிஸ்ரா குழுவும் அதைத்தான் கேட்டது. இரண்டாவது ரூபாயில் அந்தப் பிள்ளைகளுக்கு அளவான பூட்ஸும் ஸ்கீயும் வாங்குங்கள், நூறு ஜோடி, ஒரு செயற்கைப் பனி இயந்திரத்தின் விலையில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். மூன்றாவதாக என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுபது ஆகப் போகிறது, இன்னொரு முறை திருப்பிரிதி போக வேண்டும் என்கிறார். நாங்கள் வண்டியிலேயே வருகிறோம். பிப்ரவரியில் வருவதா மார்ச்சில் வருவதா என்று பனியைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் சொல்வான். பதில் எழுதுவதென்றால் ஹிந்தியிலேயே எழுதுங்கள், எதிர் வீட்டு வாத்தியார் படித்துச் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஏழு நாளும் விழுந்த மதுரைக்காரி